தேடலும் விலகி நிற்றலும்

தேடுவது மனிதனின் பிறவிக் குணம். மண்ணுள் பொன்னையும் கடலுள் முத்தையும் தேடியவன், இன்று செயற்கைக்கோளின் துணைகொண்டு, மறைத்து வைத்த சிறு பெட்டியைத் தேடுகிறான். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், பொதுமக்களின் இடங்காட்டிக் கருவிகளுக்கு இருந்த துல்லியக் கட்டுப்பாட்டை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பார் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு மறைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை அறிவித்தார். ‘ஜியோகேச்சிங்’ எனும் விளையாட்டு இவ்வாறு பிறந்தது. கண்டவர் குறிப்பேட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துத் திரும்புவது அதன் முறை.

களங்கமற்ற இன்பந்தான். ஆயினும், பெட்டி இருக்குமிடம் நீர்ப்பறவைகளின் உறைவிடமாயின், ஓர் உயிரின் இன்பம் பிறிதோர் உயிரின் துன்பமாகலாமோ?

ஜோகூர் மக்களுக்கு இவ்வினா தொலைவானதன்று. தஞ்சோங் பியாய், குக்குப் தீவு, சுங்கை பூலாய் ஆகிய அலையாத்தி நிலங்கள் மூன்றும் 2003ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களாயின. ஜோகூர் நீரிணையின் அக்கரையில் சிங்கப்பூரின் சுங்கை பூலோ உள்ளது. இறால் வளர்த்த குளங்களைக் கொண்ட அந்நிலம் 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. வட ஆசியக் குளிருக்குத் தப்பி வரும் உள்ளான்கள் இக்கரையோரச் சேற்றில் இரை தேடுகின்றன. அலை வற்றியிருக்கும் சில மணி நேரமே அவற்றின் உணவு வேளை. அஞ்சிப் பறக்குந்தோறும், நெடும்பயணத்திற்கெனச் சேர்த்த கொழுப்பு வீணே கரைகிறது.

‘ஒருவன் ஒருமுறை நடப்பதால் என்ன கேடு?’ எனலாம். பெட்டியை மறைப்பவன் ஒருவனே. ஆனால் அவன் அழைப்பதோ எண்ணற்ற கால்களை. அத்தனை காலடிகளுக்கும் அவனே பொறுப்பாளி. நிலத்துக்குரியவரின் இசைவைப் பெறுக என்கிறது விளையாட்டின் விதி. அலுவலர் இசையலாம், நாரையின் இசைவை யார் பெறுவது?

‘மீட்டவன் மனிதன், துய்க்கும் உரிமையும் அவனுக்கே’ என்பாரும் உளர். பறித்ததைத் திருப்பித் தருவது கொடையாகாது; கடன் தீர்ப்பதேயாகும். கடனைத் தீர்த்தவன் அப்பொருள்மீது உரிமை கொண்டாடுவது முறையன்று.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சுமென்று தீபாவளியிலும் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்கள் தீய இன்பத்தைத் துறக்கவில்லை. நியாயமான இன்பத்தையே பிற உயிர்க்காக விட்டுக்கொடுத்தார்கள். அறம் அங்கேதான் ஒளிர்கிறது. தீயதை விலக்குவது கடமை. நல்லதையும் பிறர் பொருட்டு அடக்கிக்கொள்வது அருள்.

அதற்காக விளையாட்டையே தடுக்க வேண்டுவதில்லை. பெட்டியைக் கூடுகளுக்கும் சேற்றுவெளிக்கும் அப்பால், நுழைவாயிலிலோ நடைபாதையோரத்திலோ வைக்கலாம். பெட்டியே இன்றி, ஓரிடத்தை உற்றுநோக்கி வினாவிற்கு விடை காணும் வகையும் இவ்விளையாட்டில் உண்டு. மாணவர்க்கு அதுவே ஏற்றது. அங்கே கண்கள் மட்டும் நெருங்கும், கால்கள் நெருங்கா.

மயில் குளிரில் நடுங்குகிறதென்று பேகன் போர்வை தந்தான். இன்று நீர்ப்பறவை வேண்டுவது போர்வையன்று, தொலைவு. அணுகிச் சென்று அளிப்பது மட்டும் ஈகையன்று; விலகி நிற்பதும் ஈகையே. தேடத் தெரிந்த மனிதன், எங்கே தேடலாகாது என்பதையும் அறியும்போதுதான் அவன் தேடல் நிறைவு பெறும்.