இல்லாத ஊருக்கு வரைபடம்

ஐந்து பேர் ஐந்து ஊர்களில் அவரவர் கணினி முன் உட்கார்ந்திருக்கிறார்கள். காதில் ஹெட்போன். ஆட்டத்தை நடத்தும் மாஸ்டர் சொல்கிறார்: கதவு திறக்கிறது, உள்ளே ஈர வாடை, எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். திருடன் பாத்திரத்தை ஏற்றிருப்பவர் கேட்கிறார்: "கூரையிலிருந்து சங்கிலி ஏதாவது தொங்குகிறதா?" மாஸ்டர் அதுவரை அதைப் பற்றி நினைத்ததே இல்லை. ஒரு நொடி யோசித்துவிட்டு, "தொங்குகிறது, ஆனால் துருப்பிடித்தது" என்கிறார். அந்த நொடியிலிருந்து அந்த அறையில் ஒரு சங்கிலி இருக்கிறது. அதற்கு முன் இருந்ததா என்று கேட்டால் பதில் கிடையாது. இப்போது இதே அறையை வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். திரையில் கல்தரை, நான்கு தூண்கள், மூலையில் ஒரு பீப்பாய், எல்லாம் வண்ணத்தில், நிழலோடு. ஐவரின் கண்ணும் பீப்பாயில் போய் நிற்கும். சங்கிலியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். மேலிருந்து பார்க்கும் படத்தில் கூரையே கிடையாதே!

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களில் அச்சில் வெளிவந்தவற்றுக்கெல்லாம் அதுதான் மூத்தது. தாள், பென்சில், பகடை, பேச வாய், இவை போதும் என்றிருந்த ஆட்டம் இன்று இணையத்திலும் நடக்கிறது. 2012இல் வந்த ரோல்20, 2020இல் வந்த ஃபவுண்டரி போன்றவை அதற்கான மேசைகள். சுவர் எது, கதவு எது என்று ஒருமுறை கோடு போட்டுக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு பாத்திரத்தின் டோக்கனும் நிற்கிற இடத்திலிருந்து எது தெரியும் என்பதை மென்பொருளே கணக்கிட்டுக் காட்டிவிடும். கையில் தீப்பந்தம் இருந்தால் 20 அடிவரை வெளிச்சம், அடுத்த 20 அடி மங்கல், அதற்கப்பால் கறுப்பு. இந்த வசதியோடு ஆடுபவர்களிடையே தீராத ஒரு வழக்கும் வந்து சேர்ந்தது. வரைபடம் கற்பனையைக் கொல்கிறது என்பார்கள் ஒரு சாரார். அது இல்லாவிட்டால் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியாமல் சச்சரவுதான் மிஞ்சும் என்பார்கள் மறுசாரார். இரு தரப்பும் இதை ரசனை, வசதி பற்றிய விஷயமாகவே பேசுகின்றன. எனக்கு இது அளவை பற்றிய கேள்வியாகப் படுகிறது. ஒன்று உண்டு என்பதை எதைக்கொண்டு அறிகிறோம் என்ற பழைய கேள்வி.

அருணந்தி சிவாச்சாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிறர் கூறும் பல அளவைகளும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும் என்கிறார். புகையைக் கண்ணால் பார்ப்பது காண்டல். புகையை வைத்து நெருப்பு உண்டென்று தெளிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. உலக வழக்கில் உரைக்கு மதிப்பு வருவது சொல்பவர் அறிந்தவர் என்பதால். மலைக்கு அப்பால் ஆறு ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால், அவரோ அவருக்குச் சொன்னவரோ அந்த ஆற்றைப் பார்த்திருக்க வேண்டும். பாத்திர ஆட்டத்தில் இந்த வரிசை தலைகீழாகிறது. குகையை யாரும் பார்க்கவில்லை, மாஸ்டரும் பார்க்கவில்லை. அவர் சொன்னதும் மற்றவர்கள் ஒப்புக்கொண்டதும் சேர்ந்ததுதான் குகை. (சைவத்தில் ஆகமத்துக்கே இத்தனை அதிகாரம் கிடையாது. அது உள்ள பொருளைத்தான் உரைக்கிறது.) உரையாலேயே ஆன உலகத்தில் காண்டலுக்கு உரிய பொருள் எதுவும் இல்லை. திரையில் தெரியும் படமும் ஒருவகை உரைதான், யாரோ முன்கூட்டியே சொல்லி முடித்துவிட்ட உரை. ஆனால் அது காண்டலின் வேஷத்தில் வருகிறது, காண்டலுக்குரிய நம்பிக்கையையும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. என் வாதம் இவ்வளவுதான்: வரைபடத்தால் வரும் கேடு, ஆடுபவர்கள் கேட்பதை விட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவது.

இந்த ஆட்டத்தின் பூர்விகமே வரைபடம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் அரசருக்குக் காட்டிய போர்விளையாட்டு மேசையை, அவருடைய மகன் 1824இல் நிலவரைபடங்களின் மீது ஆடும் முறையாக மாற்றினார். 8000இல் ஒரு பங்கு அளவில் வரைந்த நிலப்படம். இரு தரப்பு அதிகாரிகளுக்கும் எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்று தீர்மானிக்க நடுவர் ஒருவர். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி பகடையையும் கணக்கு அட்டவணைகளையும் தூக்கி எறிந்து, முடிவை நடுவரின் அனுபவத்துக்கே விட்டுவிட வேண்டும் என்றார். இன்றைய மாஸ்டரின் முப்பாட்டன் அந்த நடுவர்தான். அவ்வளவு துணிந்தவரும் வரைபடத்தை மட்டும் கைவிடவில்லை. காரணம் எளிது. அந்த அதிகாரிகள் நாளை குதிரையேறிப் போகவேண்டிய ஆறும் மேடும் உண்மையிலேயே இருந்தன. படம் தவறாக இருந்தால் நிலம் அதைத் திருத்தும். வரைபடத்தையும் நிலத்தையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று 1931இல் ஆல்ஃபிரட் கோர்சிப்ஸ்கி என்ற சிந்தனையாளர் விடுத்த எச்சரிக்கை அங்கே செல்லும். வரைபட எதிர்ப்பாளர்கள் அதை இங்கேயும் எடுத்து வீசுவதுண்டு. இங்கே அது செல்லாது. படத்தைத் திருத்த இங்கே நிலம் ஏது? போட்டியாளன் இல்லாத தேர்தல் மாதிரி, படம் நின்ற மாத்திரத்தில் நிலமாகிவிடுகிறது. ஆபத்தும் அதனால்தான்.

1974இன் ஆட்டத்திலும் வரைபடம் உண்டு. அது இருந்த இடம்தான் வேறு. நடுவர் கட்டம்போட்ட கிராஃப் தாளில் நிலவறையை வரைந்து தன் பக்கம் மறைத்து வைத்துக்கொள்வார். ஒரு கட்டம் 10 அடி. ஆடுபவர்களில் ஒருவர், நடுவர் வாயால் சொல்லச் சொல்ல, தன் தாளில் தனியாக ஒரு படம் வரைந்துகொண்டு போவார். "வடக்கே 30 அடி, பிறகு நடை கிழக்கே திரும்புகிறது." கேட்டது தப்பினால் படம் தப்பும். தப்பான படத்தோடு தப்பிக்க ஓடினால் சுவரில் முட்ட வேண்டியதுதான். அந்தத் தாள் உரையைக் கேட்டுக் கருதலால் எழுப்பியது, அழித்து அழித்துக் கறுத்துப்போன ஒன்று. அதில் இரண்டு அறைகளுக்கு நடுவே விளக்கமில்லாத ஒரு வெற்றிடம் விழுந்தால், அங்கே ரகசிய அறை இருக்கலாம் என்று ஊகிப்பது ஒரு தனி சாமர்த்தியம். இணைய மேசையில் இது அப்படியே கவிழ்ந்துவிட்டது. நடுவரின் சரியான படமே எல்லோர் முன்னும் விரிகிறது, கறுப்புத் திரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது. பிழையான படம் என்ற ஒன்றுக்கே இடமில்லை. பிழைக்கு இடமில்லாத இடத்தில் கருதலுக்கு என்ன வேலை?

போலந்துத் தத்துவவாதி ரோமன் இங்கார்டன் 1931இல் எழுதிய நூலில், இலக்கியத்தில் வரும் பொருள்களில் தீர்மானிக்கப்படாத இடங்கள் எப்போதும் இருக்கும் என்று காட்டினார். கதையில் வரும் கிழவரின் கண்நிறத்தை ஆசிரியர் சொல்லாவிட்டால், அதற்கு ஒரு நிறமும் இல்லை. தேடிப் போய்க் கண்டுபிடிக்க முடியாது. தனியே கற்பனை செய்பவருக்கும் இதே கதிதான். பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தை மனக்கண்ணில் கொண்டுவருகிறேன் என்பவரிடம் அதன் தூண்களை எண்ணச் சொன்னால் திணறுவார் என்ற உதாரணத்தை சார்த்தர் 1940இல் கற்பனையைப் பற்றி எழுதிய நூலில் எடுத்து ஆராய்கிறார். மனப்படத்தில் நாம் முன்பே போட்டுவைத்தது மட்டும்தான் இருக்கும். பாத்திர ஆட்டத்தின் விசேஷம் இங்கேதான் வெளிப்படுகிறது. இங்கே தூண் எத்தனை என்று கேட்டால் எதிரே ஒருவர் இருக்கிறார், பதில் சொல்வார். தீர்மானிக்கப்படாத இடம், நாவலில் நிரந்தர ஓட்டையாகவும் தனிமனிதக் கற்பனையில் மங்கலாகவும் கிடப்பது, இங்கே கேள்வி போடும் வாசலாகிறது. வேறெந்தக் கலையிலும் இந்த அளவுக்கு அது திறந்திருப்பதாகத் தெரியவில்லை. எல்லாம் வரைந்து முடித்த படம் அந்த வாசலைப் பூட்டிவிடுகிறது. பூட்டியதே தெரியாதபடி பூட்டுகிறது என்பதுதான் என் புகார்.

மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது நியாயம் பற்றியது. மந்திரவாதி தீக்கோளத்தை வீசுகிறார், அதன் ஆரம் 20 அடி. படத்தில் கட்டத்துக்கு 5 அடி என்று எண்ணினால் யார் எரிவார், யார் தப்புவார் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. படம் இல்லாவிட்டால் மாஸ்டர் வாய்க்கு வந்தது சட்டம். "நான் தூணுக்குப் பின்னால் அல்லவா நின்றேன்?" என்று ஒருவர் கேட்க, "அப்படி நீங்கள் சொல்லவே இல்லையே" என்று அவர் சொல்ல, மாலை பாழ். இந்த மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அது கேட்பது எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு ஓவியம் வேண்டியதில்லை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், கட்டத்தின் மீது ஆடுவது விருப்பமானால் எடுத்துக்கொள்ளும் முறையாகத்தான் இருக்கிறது. படமில்லாமல் ஆடுபவர்களுக்காக மாஸ்டருக்கான நூலில் ஒரு சின்ன அட்டவணையும் உண்டு: வட்டமாகப் பரவும் மந்திரம் என்றால் ஆரத்தை 5ஆல் வகு, கிடைப்பது தோராயமாக அகப்படும் ஆட்களின் எண்ணிக்கை. தீக்கோளத்துக்கு நான்கு பேர். எந்த நால்வர் என்பதைப் பேசித் தீர்க்கலாம். அதற்குமேலும் நெரிசலான சண்டை என்றால் நான்கு கோடும் எட்டுப் புள்ளியும் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. 2008இன் நான்காம் பதிப்பைப் போல நீளம் முழுவதையும் கட்டக் கணக்கிலேயே சொல்வது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அங்கே வாள் வீசுபவர் கட்டத்தைத்தான் பார்க்கிறார், எதிரியை அல்ல.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. மனக்கண்ணில் படமே தோன்றாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன வழி? 1880இல் பிரான்சிஸ் கால்டன், காலை உணவு மேசையை நினைவில் கொண்டுவந்து எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லும்படி பலரிடம் கேட்டார். அறிவியலாளர்கள் சிலர், அப்படி எதுவுமே தெரிவதில்லை என்றார்கள். இந்த நிலைக்கு 2015இல் நரம்பியலாளர் ஆடம் ஸீமன் அஃபாண்டேசியா என்று பெயரிட்டார். இதைக் காட்டி, படம் வேண்டாம், மனத்தின் அரங்கமே போதும் என்பது கொடுத்துவைத்தவர்களின் சட்டம் என்கிறார்கள். கற்பனை என்றால் உள்ளே படம் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் இந்தக் குற்றச்சாட்டு சரி. ஆனால் டெகார்ட் 1641லேயே ஆயிரம் பக்கம் கொண்ட உருவத்தை உதாரணம் காட்டிவிட்டார்: அதை மனத்தில் தீட்ட முடியாது, ஆனாலும் முக்கோணத்தைப் போலவே தெளிவாக விளங்கிக்கொள்கிறோம். சங்கிலி துருப்பிடித்தது என்று கேட்டவுடன் அது அறுந்துவிடலாம் என்று நினைப்பதற்கு உள்ளே எந்தப் படமும் ஓடவேண்டியதில்லை. அந்த நினைப்பே போதும், ஆட்டம் நடக்கும். பார்வையற்ற ஒருவர் ஆட்டத்தில் இருந்தால் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். உரையால் நடக்கும் ஆட்டத்தில் அவர் சமபங்காளி. திரையில் தெரியும் படத்தையே நம்பி நடப்பதில் அவருக்கு யாராவது படத்தை வாயால் சொல்லியாக வேண்டும், அப்போதும் கடைசியில் உரைக்கே வந்து சேர்கிறோம்.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மேசையில் ஒருவர் கையை விரித்து இடைவெளியைக் காட்டுவார், உப்புக்குப்பியை நகர்த்தி "இதுதான் பூதம்" என்பார். இணையத்தில் குரல் தடங்கும், இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டுமே விளங்காது. பார்க்க எதுவுமில்லாத கண் பக்கத்து ஜன்னலைத் திறந்து வேறு வேலை பார்க்கும். கண்ணுக்கு ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும். கொடுப்பது அளவெடுத்த படமாக இருக்கவேண்டும் என்பது மட்டும் அதிலிருந்து பெறப்படவில்லை. கோட்டையின் தூரத்துத் தோற்றம், ஒரு முகம், ஒரு கடிதத்தின் நகல், இவை கண்ணைப் பிடித்து வைக்கும். எது எங்கே இல்லை என்ற தீர்ப்பை மட்டும் சொல்லாது.

வரைபடத்திலிருந்தே கற்பனை பிறக்கவில்லையா என்று கடைசியாகக் கேட்பார்கள். பிறந்திருக்கிறது, அதற்கு ஆர். எல். ஸ்டீவன்சனைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1881இல் ஸ்காட்லாந்தின் பிரேமார் என்ற ஊரில், மழைக்காலத்தில், ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணம் தீட்டினார். 'ட்ரெஷர் ஐலண்ட்' கதை அந்தப் படத்திலிருந்துதான் முளைத்தது. பிறகு நடந்ததை அதிகம் பேர் சொல்வதில்லை. நூலாக அச்சிட அனுப்பியபோது அந்தப் படம் தொலைந்துபோயிற்று. எழுதி முடித்த கதையிலிருந்து குறிப்புகளை எல்லாம் திரட்டி, அளந்து, அதற்குப் பொருந்தும்படி இன்னொரு படத்தைத் தந்தையின் அலுவலகத்தில் வரைய வேண்டியதாயிற்று. தந்தையே, கதையில் வரும் கடற்கொள்ளையர் கேப்டன் ஃப்ளின்ட்டின் கையெழுத்தைப் போலியாகப் போட்டுக் கொடுத்தார். முதல் படம் ஸ்டீவன்சனிடம் கேள்வி கேட்ட படம்: இந்த விரிகுடாவில் யார் நங்கூரம் போட்டார்கள், இந்தக் குன்றில் என்ன புதைந்திருக்கிறது? இரண்டாவது, எல்லாப் பதிலும் தெரிந்த பின் வரைந்த படம். கதையோடு ஓரங்குலம்கூட முரணாதபடி தீட்டியும், அது தன் தீவாக ஒருநாளும் தோன்றவில்லை என்று அவரே பிற்பாடு எழுதினார். கடையில் காசு கொடுத்து வாங்கித் திரையில் ஏற்றும் போர்க்களப் படங்களெல்லாம் இந்த இரண்டாவது வகை.

ஆகவே இணையத்தில் ஆட்டம் நடத்தும் மாஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அறைக்குள் நுழையும்போது படத்தை ஏற்றாதீர்கள். முதலில் வாசனையைச் சொல்லுங்கள், சத்தத்தைச் சொல்லுங்கள், யாராவது கேள்வி கேட்கும்வரை பொறுங்கள். சண்டை மூண்டு, எங்கே யார் என்பது உயிர்ப்பிரச்சினை ஆகும்போது, மென்பொருளின் பென்சிலை எடுத்து எல்லோர் கண்முன்னும் மவுஸாலேயே கோணல்மாணலாக ஒரு சதுரம் போடுங்கள். சங்கிலியைக் கேட்டவர் இருந்தால், அந்தச் சதுரத்துக்குள் அதை வரையும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.