'முற்றும்' போட்ட பிறகு

பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என்று நம்மவர்கள் மூன்றைச் சொல்லுவார்கள். எனக்குச் சொந்தமாக நாலாவது ஒன்று உண்டு. இராத்திரி வைராக்கியம்.

நான் எழுத உட்காரும் நேரம் பார்த்து என் தாயார், "தபால் வந்துதாடா?" என்று கேட்பாள். ஊரை விட்டுப் போன என் தம்பி கடிதம் எழுதுவான் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. "இல்லையம்மா" என்பேன். கால் மணி கழித்து அதே கேள்வி. மூன்றாம் தடவை என் வாயிலிருந்து வரும் சொல்லை இங்கே அச்சில் போட மாட்டேன். அவள் பதில் பேசுவதில்லை. புடைவைத் தலைப்பால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். இரவில் விளக்கை அணைத்ததும் அந்தக் கண்ணாடி என் எதிரே வந்து நிற்கும். நாளை முதல் சுடுசொல் கிடையாது என்று சபதம் செய்துகொள்வேன், அழுததும் உண்டு. மறுநாள் காலை பத்து மணி வரைகூட அந்தச் சபதம் தாங்காது.

இதைக் கல்லூரித் தோழர் ஒருவரிடம் சொன்னேன். அவர் கிறிஸ்தவர். சீட்டாட்டத்தில் பல வருஷம் சம்பளத்தைத் தொலைத்துப் பிறகு மீண்டவர். புத்திமதி எதுவும் சொல்லாமல், புனித அகஸ்டினுடைய 'கன்பெஷன்ஸ்' என்ற நூலைக் கொடுத்து, "பத்தாம் பாகம் வரை படி, எட்டோடு நிறுத்திவிடாதே" என்றார்.

அகஸ்டின் 354-ல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். மிலான் நகரில் பேச்சுக்கலைப் பேராசிரியராக இருந்தார். பெண் ஆசை அவரை விடவில்லை. புலனடக்கம் வேண்டுமென்று பிரார்த்தித்துவிட்டு, அது உடனே கிடைத்துவிடுமோ என்று பயந்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். (கிட்டத்தட்ட என் இராத்திரி வைராக்கியந்தான்.) 386-ல் ஒரு நாள் வீட்டுத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டிலிருந்து குழந்தைக் குரல் ஒன்று, 'எடுத்துப் படி' என்று பாடுவதுபோலக் கேட்டது. பவுலின் ரோமர் நிருபத்தைத் திறந்தார். குடிவெறியையும் காமத்தையும் விட்டுவிட்டுக் கிறிஸ்துவை அணிந்துகொள்ளச் சொல்லும் இடம் கண்ணில் பட்டது. அத்துடன் ஊசலாட்டம் நின்றது. 387 ஈஸ்டரில் அம்புரோஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

கதாசிரியனுக்கு வேறென்ன வேண்டும்? தோட்டம், கண்ணீர், குழந்தைக் குரல்! நானாக இருந்தால் அங்கேயே 'முற்றும்' போட்டிருப்பேன். என் நாவல்களில் எத்தனை பேரைக் கடைசி அத்தியாயத்தில் திருத்தியிருக்கிறேன்! மறுநாள் காலை அவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் போய்ப் பார்த்ததில்லை.

அகஸ்டின் பார்த்தார். தோட்டத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஹிப்போ நகர் மேற்றிராணியாராகி, ஊர் முழுதும் அவரை வணங்கும் காலத்தில் பத்தாம் பாகத்தை எழுதினார். பழைய உருவங்கள் கனவில் இன்னும் வருகின்றன என்கிறார். பசிக்கு உண்கிறேனா, ருசிக்கு உண்கிறேனா என்பது தெரியவில்லை என்கிறார். பிறர் புகழும்போது மனம் குளிர்கிறதே என்று வருந்துகிறார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உலாவினேன்.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து அவருக்கு ஒரு மகனைப் பெற்ற பெண். அவருக்கு நல்ல இடத்தில் கல்யாணம் பேசியதால் அவளை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இனி எந்த ஆடவனையும் தீண்டுவதில்லை என்று தெய்வத்தின்முன் விரதம் பூண்டு, மகனையும் விட்டுவிட்டுப் போனாள். இவரோ மணப்பெண்ணுக்கு வயது வருகிற வரையில் பொறுக்க முடியாமல் வேறொருத்தியைத் தேடிக்கொண்டார். இதையும் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அவள் பெயரை எங்கும் எழுதவில்லை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவளுக்குத் தோட்டமும் இல்லை, குரலும் இல்லை.

'கீழ்ப்படிதல்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பள்ளிக்கூடத்துப் பிரம்பு நினைவு வரும். தன் மனத்தைத் தானே அடக்க முடியாதவன் ஆண்டவனிடம் ஒப்படைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்கிறானோ என்றும் நினைத்ததுண்டு. கட்டளையிடும் கடவுளே அதைச் செய்யும் வலிமையையும் தரவேண்டும் என்று அகஸ்டின் வேண்டியது, ரோமில் இருந்த பெலாஜியஸ் என்ற துறவிக்கும் பொறுக்கவில்லை. அப்படியானால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா என்று கிளம்பிய சண்டை, 418-ல் கார்த்தேஜ் சபை பெலாஜியஸின் கொள்கையைக் கண்டித்த பிறகும் ஓயவில்லை. நமக்கு இது புதிதா? தாயைக் குரங்குக்குட்டி பற்றிக்கொள்கிறதா, பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொள்கிறதா என்று நம் வைஷ்ணவப் பெரியவர்கள் வாதாடாததா!

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நண்பரைக் கேட்டேன்:

"உமக்குச் சீட்டாசை போய்விட்டதா?"

"எங்கே போயிற்று? சம்பளத்தன்று சாயங்காலம் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன், ஜெபம் பண்ணிக்கொண்டே. ஆசை போனபிறகு விடலாம் என்று காத்திருந்ததில்தான் அத்தனை வருஷமும் போயிற்று. இருக்கும்போதே கீழ்ப்படிய வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. நடுவில் இரண்டு தடவை விழுந்தேன். எழுந்து மறுபடியும் சுற்றுவழியில் போனேன். தூக்கிவிட்டது நானில்லை, ஆனால் நடந்தது என் கால்தான்."

நான் கிறிஸ்தவனல்ல, அவருடைய ஜெபம் எனக்கு வாய்க்கவில்லை. சுற்றுவழி மட்டும் புரிந்தது.

நேற்று அம்மா மூன்றாம் தடவை கேட்டாள். கோபம் வழக்கம்போல் தொண்டை வரை வந்தது. பேனாவை மூடிவிட்டு வாசல் வரை போய், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் வரவில்லையம்மா" என்றேன். அவள் என் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

இன்று இன்னும் மணி பத்தாகவில்லை.