விளக்கும் உரிமையும்

“என் நிலத்தில் என் விளக்கு; கேட்பதற்கு நீர் யார்?” என்பார் நம்மிற் பலர். கேட்பதற்கு நியாயம்போலவே தோன்றுகிறது. ஆனால் நிலத்திற்கு வேலியுண்டு. ஒளிக்கு வேலி ஏது?

கெடாவில், அலோர் ஸ்டாருக்கு அருகே கெப்பாலா பத்தாஸில் விமான நிலையம் இருக்கிறது. இரவில் இறங்கும் விமானி ஓடுபாதை விளக்குகளை நம்பியே இறங்குகிறான். அருகில் எவரேனும் அதே நிறத்தில் வரிசையாக விளக்கிட்டால், பாதை எது, கடை எது என்று அவன் மயங்கக்கூடும். லேசர்க் கதிர் கண்ணிற் பட்டாலோ சில கணம் குருடனே. அக்கணத்தில் அவனை நம்பியிருக்கும் உயிர்கள் எத்தனை!

1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியர் குண்டு வீசியபோது சிங்கப்பூர்த் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்நாளில் விளக்கை மறைப்பது தன்னைக் காக்க. இந்நாளிலோ முகமறியாத பிறரைக் காக்க. முன்னதற்கு அச்சமே போதும். பின்னதற்கு அறிவும் அன்பும் வேண்டும்.

அதற்காக ஏழையின் விளக்கை அணைக்கச் சொல்கிறோமா? இல்லை. 1944-ல் கையெழுத்தான சிக்காகோ உடன்படிக்கையின் 14-ம் இணைப்பு, ஆபத்தான தரைவிளக்கை அணைக்கவோ, மறைக்கவோ, மாற்றியமைக்கவோ சொல்கிறது. மேலே மூடியிட்டால் ஒளி தரையில் விழும், வானம் இருளும். விடியுமுன் மரம் சீவப் புறப்படும் தொழிலாளிக்கு வழியும் தெரியும்.

ஆதலால், மூடி போதுமான இடத்தில் அணைக்க உத்தரவிடுவது அதிகாரம். காரணத்தைச் சொல்லி மூடியிடச் செய்வதே நியாயம். காரணம் அறிந்த பின்னும் “என் விளக்கு” என்பவன் கேட்பது உரிமையன்று. பிறர் உயிரைப் பணயம் வைக்க அநுமதி.