விட்டுக்கொடுக்கும் மூட்டு

சைடு மிரர் மடங்குவது பார்க்கிங்கில் இடம் மிச்சம் பிடிக்க மட்டுமல்ல. நடந்து போகிறவர் தோளில் இடித்தால் கண்ணாடிதான் வளைந்து கொடுக்க வேண்டும். ஐரோப்பிய விதிகளின்படி இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள். ஊசலாடும் எடையொன்றை மோதவிடுவார்கள்.

*

உள்ளே இருப்பது கொஞ்சம்தான். கதவோடு பொருத்திய குழாய் போன்ற அச்சு, அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங், சின்ன மோட்டார், பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். சுவிட்சைத் தட்டினால் மோட்டார் அச்சைச் சுற்றிக் கண்ணாடியை நகர்த்தும். யாராவது கையால் தள்ளினால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வழுக்கும். 'டக்' என்று கேட்கும். உடைந்த சத்தம் போலிருக்கும். உடையாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடே. அடுத்து சுவிட்சைப் போட்டு மடக்கி விரித்தால் இன்னொரு 'டக்'. பற்கள் பழையபடி உட்கார்ந்துவிட்டன என்று பொருள். இந்த இரண்டாவது சத்தத்துக்குப் பயந்தே மெக்கானிக்கிடம் போகிறவர்கள் உண்டு.

*

முழுக்க மடங்கியாயிற்று என்று மோட்டாருக்கு எப்படித் தெரியும்? பல கார்களில் அது முட்டித்தான் தெரிந்துகொள்கிறது. மேலே சுற்ற முடியாதபோது மின்னோட்டம் ஏறும். அதைக் கண்டதும் மின்சாரம் நிற்கும். பல்சக்கரம் மழுங்கிவிட்டால் முட்டவே முட்டாது. காரைப் பூட்டிவிட்டு நகர்ந்த பிறகும் உள்ளே 'கறகற' என்று ஓடிக்கொண்டிருக்கும். போய்ச் சேர்ந்தது தெரியாத ஓட்டம்.

*

1911இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் மற்ற ஓட்டுநர்களெல்லாம், பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்ல, மெக்கானிக் ஒருவரைக் கூட ஏற்றிக்கொண்டார்கள். ரே ஹாரூன் என்ற ஓட்டுநர் மட்டும் மெக்கானிக் இல்லாமல் ஓட்டினார். அந்த ஆளுக்குப் பதில் ஒரு கண்ணாடியை மாட்டியிருந்தார். ஜெயித்தவரும் அவரே. நெரிசலான தெருவில் இடப்பக்க மிரரை மடக்கிவிட்டு அப்படியே மெயின் ரோட்டுக்கு ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது, அந்த ஆளுக்குப் பதில் வந்ததையும் இறக்கிவிட்டார்களே என்று தோன்றும். விரித்து வைத்தாலும் அதில் முழு உண்மை தெரிவதில்லை. குவியாடி, அகலமாகக் காட்டும், அதற்கு ஈடாகப் பின்னால் வருகிற பஸ்ஸைச் சின்னதாக்கித் தூரத்தில் தள்ளிவிடும்.

*

மூட்டின் நடுவே வயர்கள் போகின்றன. ஒவ்வொரு மடக்கலிலும் அவையும் முறுகி நிமிர்கின்றன. எந்த வயர் உள்ளுக்குள் அறுந்தது என்பது வெளியில் தெரியாது. மிரரில் உள்ள இண்டிகேட்டர் மடங்கியிருக்கும்போது எரிந்து, விரிந்ததும் அணைந்தால் சந்தேகம் அங்கேதான்.

*

இரண்டு பக்கமும் மடங்காவிட்டால் முதலில் பியூஸ், பிறகு சுவிட்ச். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து மோட்டார், பல்சக்கரம், வயர். ஷோரூமில் பெரும்பாலும் மிரரையே முழுதாக மாற்றச் சொல்வார்கள். விலையைக் கேட்டுவிட்டுக் கையால் மடக்கப் பழகிக்கொண்டவர்கள் நிறைய. பழக்கம் தப்பில்லை, ஆனால் பூட்டும்போது தானாக மடங்கும் வசதியை முதலில் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கையும் மோட்டாரும் மாறி மாறி அதே பற்களைத் தின்னும்.