மாடியில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்

 

சென்ற மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின், தியாகராய நகரில் ஜவுளி வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், கடையில் பில் போடும் கம்ப்யூட்டர்களை மாற்றிவிட்டோம். பழையது பத்து மாடியில் கிடக்கிறது. மதரஸாவுக்கு ஸதகாவாகத் தந்துவிடலாமா? இல்லை, காயலான் கடைக்கே போட்டுவிடட்டுமா? அவர் கையில் காசு தருகிறார்" என்று கேட்டார்.

ஸதகாவை முதலில் பார்ப்போம். நாமே கண்ணை மூடிக்கொண்டாலன்றி வாங்கிக்கொள்ள மாட்டாத மட்டமான பொருளைத் தேடிப் பிடித்துத் தர்மம் செய்ய வேண்டாமென்று அல்லாஹுத்தஆலா அல்பகரா அத்தியாயத்தில் கண்டித்திருக்கிறான். இரண்டு வருடங்களுக்கு முன் நம் மதரஸாவுக்கும் இப்படி எட்டு மானிட்டர்கள் வந்தன. வயிறு பெருத்த பழைய ரகம். ஒன்றுகூட எரியவில்லை. ஒளுச் செய்யும் இடத்துக்கு அருகில் அடுக்கி வைத்தோம், அங்கேயே இருந்தன. கொடுத்தவரின் வீடு சுத்தமாயிற்று, மதரஸா குப்பையாயிற்று. இதை எந்தக் கணக்கில் ஸதகா என்று எழுதுவது?

இனி காயலான் கடை. காயல்பட்டினத்து முஸ்லிம்கள் நடத்தியதால் வந்த பெயர் என்பார்கள். அந்தத் தொழிலில் குறையில்லை, ஹலாலான உழைப்பு. குறை அதற்கு அப்பால் இருக்கிறது. கை மாறிக் கை மாறிப் போகும் கம்ப்யூட்டர் கடைசியில் ஏதோ ஒரு பொட்டலில் உடைக்கப்படுகிறது. செம்புக்காக ஒயரை எரிக்கிறார்கள். பலகையில் ஒட்டியிருக்கும் துளித் தங்கத்துக்காக அதை அமிலத்தில் ஊற வைக்கிறார்கள். பழைய மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. வளரும் பிள்ளையின் மூளைக்கு இவ்வளவு ஈயம் வரை பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. அந்தப் புகையில் நிற்பது பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளை.

"நான் விற்றுவிட்டேனே ஹஜ்ரத், அதற்குப் பிறகு என் பொறுப்பா?" என்றார் சகோதரர்.

மது வடிப்பவன் என்று தெரிந்தே அவனுக்குத் திராட்சை விற்பதை இமாம்களில் பலர் வெறுத்திருக்கிறார்கள். திராட்சை ஹலால்தான், விற்பவருக்குத் தெரிந்திருக்கிறதே, அதுதான் விஷயம். இன்னொரு மஸ்அலாவும் உண்டு. பொதுப் பாதையில் உரிமையின்றிக் கிணறு தோண்டியவன், அதில் ஒருவர் விழுந்து இறந்தால் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி. "நான் தள்ளவில்லையே" என்று அவன் தப்ப முடியாது.

அரசாங்கச் சட்டம் என்ன சொல்கிறது? மின்னணுக் கழிவுக்கு நம் நாட்டில் 2012 மே முதல் தனி விதிகள் அமலில் உள்ளன. இப்போதுள்ளவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை. ஒரு வருடத்தில் 1,000 சாதனங்களாவது உபயோகிக்கும் நிறுவனங்கள், பதிவு பெற்றவர்களிடமே கழிவை ஒப்படைக்க வேண்டும். நம் சகோதரரின் பத்து அந்தக் கணக்கில் வராது. ஆனால் ஹக்குல் இபாத் பத்தா ஆயிரமா என்று பார்ப்பதில்லை.

இன்னொன்றை அவர் யோசிக்கவே இல்லை. பத்து வருடமாகக் கடைக்கு வந்த பெண்மக்களின் பெயர், போன் நம்பர், யார் எவ்வளவு கடன் என்ற கணக்கு அத்தனையும் அந்த டிஸ்க்குகளில் இருக்கின்றன. அழிக்கும் பொத்தானை அமுக்கினால் பெரும்பாலும் பட்டியல்தான் போகிறது. எழுத்து உள்ளேயே கிடக்கும், தெரிந்தவன் மீட்டுவிடுவான். டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழிக்க வேண்டும். பழுதானதைத் துளையிட்டு உடைக்க வேண்டும். வாடிக்கையாளர் நம்பித் தந்தது அமானத். அதைப் பழைய இரும்போடு எடை போட்டு விற்கலாமா?

சகோதரர் பத்தையும் ரிச்சி தெருவில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினார். நான்கு நன்றாக ஓடுகின்றன என்றார். அவற்றை முறையாக அழித்து, புதிய கீபோர்டும் வாங்கி வைத்து மதரஸாவுக்கு அனுப்பினார். பிள்ளைகள் அரபியும் தமிழும் தட்டச்சுப் பழகுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், இதுதான் ஸதகா. மீதி ஆறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் உள்ள நிறுவனத்துக்குக் கொடுத்து ரசீது பெற்றார். காயலான் கடை விலையைவிடக் குறைவாகத்தான் கிடைத்ததாம். சொல்லும்போது கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார், வியாபாரி அல்லவா!

அவருடைய வேன் புறப்படும் முன், ஒளு இடத்தருகே கிடந்த நம் எட்டு மானிட்டர்களையும் அதிலேயே ஏற்றிவிட்டோம். இரண்டு வருடம் அவற்றைக் கடந்து தொழப் போனவர்களில் நாமும் ஒருவர்.