நடிகனும் தன்மோகமும்

நடிப்புத் தொழிலே மனிதனைத் தன்மோகத்துக்கு ஆளாக்குகிறது என்பது பரவலான குற்றச்சாட்டு. 2006இல் மார்க் யங், ட்ரூ பின்ஸ்கி ஆகியோர் அமெரிக்கப் பிரபலங்கள் 200 பேரிடம் நடத்திய ஆய்வினை வெளியிட்டனர். பொதுமக்களிலும் பார்க்க அவர்களிடம் தன்மோகம் மிகுந்திருந்தது உண்மையே. ஆயினும், தொழிலிற் கழித்த ஆண்டுகளுக்கும் அதன் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. எனவே, தொழில் அதனை விளைவிக்கவில்லை. தன்மோகம் உடையோரே தொழிலை நாடினர் எனக் கருத இடமுண்டு. நடிகரையும் விஞ்சி நின்றோர், பாத்திரம் ஏற்காது தம்மையே காட்சிப்பொருளாக்கிய 'ரியாலிட்டி' தொலைக்காட்சியினர்.

பிறனொருவனின் துயரைத் தன் உடலிலும் குரலிலும் ஏற்பவன், அக்கணமேனும் தன்னைப் பின்தள்ளியாக வேண்டும். ஆதலின், நடிப்பு தன்மோகத்தின் ஊற்றன்று, அதற்கெதிரான பயிற்சியே. பாத்திரத்தை மறந்து முகத்தை வழிபடும் சுவைஞரே தன்மோகியை மேடைக்கு அழைக்கின்றனர். குற்றத்திற் பாதி, அரங்கின் இருளில் அமர்ந்திருக்கும் நம்முடையதே.