மானேஜர் வேலையும் பிள்ளைகளும்



மானேஜர் உத்தியோகம் பார்க்கும் தாய்மாரின் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். அர்ச். குழந்தை தெரேசம்மாளின் தாயார் செலி மர்த்தேன் யார்? பிரான்சு தேசத்து அலான்சோன் பட்டணத்தில் லேஸ் வியாபாரம் நடத்தி, பல பெண்களுக்கு வேலை பங்கிட்டுக் கூலி கொடுத்தவள். ஒன்பது பிள்ளை பெற்று நால்வரை அடக்கம் செய்தவள். 1873-ல் தாய்ப்பால் கொடுக்க இயலாமல், கைக்குழந்தை தெரேசாவை ஏறக்குறைய ஒரு வருஷம் கிராமத்துச் செவிலித்தாயிடம் விட்டிருந்தாள். அந்தத் தாய்மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆனால் அவள் தனியாகச் சுமக்கவில்லை. 1870-ல் கணவர் லூயி தம் கடிகாரக் கடையை விற்றுவிட்டு, மனைவியின் வியாபாரத்துக்கு உதவியாக வந்தார். (நம் ஆண்களில் எத்தனை பேர் இதற்குச் சம்மதிப்பார்கள்?) 2015-ல் திருச்சபை அவ்விருவரையும் ஒரே நாளில் அர்ச்சியசிஷ்டர்களாக உயர்த்தியது.

ஆகையால் தகப்பன்மாரே, இன்று மனைவி வேலையிலிருந்து திரும்புமுன் பிள்ளையின் பாடப்புத்தகத்தை நீங்கள் திறவுங்கள். இராச் செபமாலையையும் நீங்களே துவக்குங்கள்.